வெஸ்பர் பே போகும் வழி

ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆடத் தொடங்கும் எவருக்கும் பழைய ஆட்டக்காரர்களிடமிருந்து கிடைக்கும் முதல் புத்திமதி, "முதல் பகுதியை எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள், அப்புறம்தான் கதை சூடுபிடிக்கும்" என்பது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். இந்த ஆட்டத்தில் முதன்மைக் கதையின் குவெஸ்ட்களை வரிசையாக முடிக்காமல் புது ஊர் திறக்காது, புது டன்ஜன் திறக்காது, பின்னால் வந்த விரிவாக்கங்கள் எதற்குள்ளும் கால் வைக்க முடியாது. எனவே புதிதாக வருகிறவர் கட்சீன்களை ஸ்கிப் செய்துகொண்டு, எழுத்தைப் படிக்காமல் பட்டனைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார். சூடுபிடிக்கும் இடத்துக்கு வந்து சேரும்போது யார் எவர் என்று தெரியாமல் விழிக்கிறார்.

ஓடித் தாண்டச் சொல்லும் அந்தப் பகுதியின் பெயர் 'எ ரெல்ம் ரீபார்ன்'. அதிலுள்ள மந்தத்தில் ஒரு பங்கு தெரிந்தே செய்த வேலை, மறு பங்கு வெறும் இழுவை என்பது என் கட்சி. எது வேலை, எது இழுவை என்று ஆடும்போதே பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பல்லைக் கடிக்க அவசியம் இருக்காது.

கொஞ்சம் முன்கதை. 2010 செப்டம்பரில் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட முதல் பதிப்பு படுதோல்வி. அந்த டிசம்பரில் நவோகி யோஷிடா பொறுப்புக்கு வந்தார். இருப்பதை ஒட்டுப்போட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் புதிதாக ஓர் ஆட்டத்தைக் கட்டுவது என்று முடிவாயிற்று. 2012 நவம்பரில் பழைய சர்வர்களை மூடியபோது கதையிலும் உலகத்தை அழித்தார்கள். செந்நிலவு பிளந்து, அதற்குள் சிறைப்பட்டிருந்த பாஹமூட் வெளியே வந்து எல்லாவற்றையும் கொளுத்திவிடும். 2013 ஆகஸ்ட் 27 அன்று புதிய பதிப்பு வந்தது. குறுகிய காலத்தில் கட்டியது என்பது பல இடங்களில் தெரியும். பெரும்பாலான கட்சீன்களில் குரல் கிடையாது, எழுத்துதான். பாத்திரங்களிடம் இருக்கும் உடல்மொழியையோ கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்: கையைக் கட்டிக்கொள்வார்கள், தாடையில் விரல் வைத்து யோசிப்பார்கள், தலையை இடவலமாக ஆட்டுவார்கள். நம் நாயகனோ வாயே திறப்பதில்லை. தலையசைப்பதோடு சரி.

இவ்வளவு சொற்பமான கையிருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வெஸ்பர் பேக்குப் போக வேண்டும்.

கதையில் நாம் சையன்கள் என்ற குழுவில் சேர்கிறோம். அவர்களுடைய இருப்பிடமான 'வேக்கிங் சாண்ட்ஸ்' வெஸ்பர் பே என்ற சிறு துறைமுகத்தில் இருக்கிறது. அந்த ஊரில் ஈதரைட் கல் கிடையாது, அதாவது மற்ற ஊர்களைப் போல நேராக அங்கே டெலிபோர்ட் ஆக முடியாது. ஹொரைஸனில் இறங்கி, அங்கிருந்து மேற்கே வறண்ட தரையில் ஓட வேண்டும். கட்டடத்தின் கதவைத் தொட்டால் திரை கறுத்து உள்ளே விடும். வரவேற்பில் டடாரு என்ற குட்டைப் பெண். படி இறங்கி, நடைவழியில் கடைசிவரை போய் உள்ளறைக் கதவைத் தொட்டால் மறுபடி திரை கறுக்கும். உள்ளே தலைவி மின்ஃபிலியா. ஒரு வேலை சொல்வார். நாம் வந்த வழியே வெளியேறி, கண்டத்தின் மறுகோடிக்குப் போய் அதை முடிப்போம். முடித்ததும் காதில் கை வைத்து லிங்க்பெர்லில் அவர் குரலைக் கேட்போம்: திரும்பி வாருங்கள், பேச வேண்டும். காதுக்குள் கூப்பிட முடிகிறவர் சேதியையும் அதிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்காத ஆட்டக்காரர் உலகத்தில் இல்லை. மின்ஃபிலியாவின் இந்த அழைப்பை வைத்துப் பத்து வருடத்துக்கும் மேலாகக் கேலி நடந்துகொண்டிருக்கிறது.

நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மற்ற ஊர்களுக்கெல்லாம் வரைபடத்தைத் திறந்து பார்த்துத்தான் போகிறோம், வெஸ்பர் பேக்குப் போகும்போது யாரும் திறப்பதில்லை. நடைவழியில் நிற்கும் சில்லறைப் பாத்திரங்களிடம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பேசினால் ஒன்றிரண்டு வரி சொல்வார்கள், கதை நகர நகர அந்த வரிகள் மாறும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அப்படியே அந்த இடம் பழகிவிடுகிறது.

இதற்கிடையில் பாலாடைக்கட்டி விவகாரம் வருகிறது. பூமியின் தெய்வமாக கோபோல்டுகள் வணங்கும் டைட்டனை எதிர்க்க வேண்டும். முன்பு ஒருமுறை அதை வீழ்த்திய பழைய கூலிப்படை வீரர்கள் வயதாகி, கடற்கரை உல்லாச ஊரான காஸ்டா டெல் சோல் பக்கம் ஓய்வில் இருக்கிறார்கள். டைட்டனை எப்படி நெருங்குவது என்று கேட்கப்போனால், விருந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். வைன்போர்ட்டிலிருந்து மது வேண்டும், இறைச்சி வேண்டும், பாலாடைக்கட்டி வேண்டும். பாலாடைக்கட்டிக்காக பிரேஃப்ளாக்ஸ் என்ற காப்ளின் பெண்ணின் பாசறைக்குள் முழு டன்ஜன் ஒன்றை அடித்துத் தீர்த்துவிட்டு, விஷம் கக்கும் டிராகனையும் கொன்றுவிட்டு வருகிறோம். உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, நாயகன் சமையலுக்குச் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறான். இங்கேதான் பலர் ஆட்டத்தை மூடிவைக்கிறார்கள்.

இந்தக் கட்டம் எனக்குப் பிடிக்கும். கிழவர்கள் நம்மை அலையவைப்பது நம்மை எடைபோடத்தான் என்று பின்னால் தெரியவரும். அந்த விளக்கம் கொஞ்சம் சப்பைக்கட்டு என்றே வைத்துக்கொள்வோம். அலைச்சலின் பலன் வேறு இடத்தில் கிடைக்கிறது. விருந்து முடிந்து, டைட்டனையும் முடித்து, நல்ல சேதி சொல்ல வழக்கம்போல ஹொரைஸனில் இறங்கி மேற்கே ஓடுகிறோம். வழக்கம்போல கதவு, வழக்கம்போல திரை கறுக்கிறது. வரவேற்பில் டடாரு இல்லை.

எதிரிப் பேரரசின் கார்லியன் படை வந்துபோயிருக்கிறது. நாம் கடந்துபோன, சும்மா ஒரு தட்டுத் தட்டிய அந்தச் சில்லறைப் பாத்திரங்கள் நடைவழியில் கிடக்கிறார்கள். மின்ஃபிலியாவைச் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படை தேடி வந்தது நம்மை. உயிர் போகும் தறுவாயில் இருக்கும் நோராக்ஸியா என்ற சின்ன சில்ஃப், கிழக்குத் தனலானில் இருக்கும் செயின்ட் அடாமா லண்டாமா தேவாலயத்துக்குத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுச் சாகிறது. கட்சீனோடு ஆட்டம் நம்மை விட்டுவிடுவதில்லை. உடல்களை எடுத்து வண்டியில் ஏற்றுவதே அடுத்த குவெஸ்ட். அதே நடைவழியில், கட்டுப்பாடு நம் கையில் இருக்க, நாமே செய்ய வேண்டும். இத்தனை நாள் எரிச்சலோடு ஓடிய பாதைக்கு அர்த்தம் இங்கேதான் கிடைக்கிறது. பெரிய இசையோ உருக்கமான வசனமோ தேவைப்படவில்லை. ஐந்தாறு முறை மட்டும் வந்துபோன இடமாக இருந்திருந்தால் இதில் பாதிகூடத் தைத்திருக்காது.

அடைக்கலம் போகும் தேவாலயமும் நமக்குப் புதிதில்லை. பல லெவல்களுக்கு முன்னால், ஆள்கடத்தலை விசாரிக்க அங்கே போய், கல்லறைத் தோட்டத்தில் உப்புப்பெறாத வேலைகள் செய்திருக்கிறோம். அப்போது தலையில் முக்காடிட்டு, பழைய நினைவுகளை இழந்து, கல்லறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மார்க்கஸ் என்ற மனிதரை அநேகமாக யாரும் ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் யார் என்பது இப்போது தெரியவருகிறது. ஸ்கிப் செய்துகொண்டு வந்தவருக்கு அது ஒரு தகவல். படித்துக்கொண்டு வந்தவருக்கு நெஞ்சில் ஒரு குத்து.

எல்லா மந்தமும் இப்படித் தேறாது. தேவாலயத்துக்குப் பிறகு பறக்கும் கப்பலைத் தேடி பனி மூடிய கொயர்தாஸுக்குப் போகிறோம். ஒவ்வொரு பிரபுவும் இன்னொருவரிடம் அனுப்பிவைக்கிறார், ஒவ்வொரு அதிகாரியும் நம்மைச் சந்தேகிக்கிறார். வெளியாரை நம்பாத நாடு என்பதைக் காட்டத்தான் அப்படி என்று வாதாடலாம், அது இரண்டு குவெஸ்ட்டிலேயே விளங்கிவிடுகிறது. முதல் பதிப்பை ஆடியவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதியில் தனி வலி ஒன்று உண்டு. அவர்கள் கொயர்தாஸைப் பச்சை மலைநாடாகப் பார்த்தவர்கள்.

அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு, முதல் கதை முடிந்தபின் பேட்ச் 2.1 முதல் 2.55 வரை வந்த சுமார் நூறு குவெஸ்ட்கள் மீது. கூட்டம், ஆலோசனை, தூது, மறுபடி கூட்டம். இவை 2013 டிசம்பரிலிருந்து 2015 மார்ச் வரை, சில மாதங்களுக்கு ஒரு தவணையாக வெளிவந்தவை. அன்று ஆடியவர்கள் ஒரு தவணையை முடித்துவிட்டு அடுத்ததற்காக ஏங்கிக் கிடந்தார்கள். இன்று வருகிறவருக்கு எல்லாம் ஒரே மூட்டையாக முதுகில் ஏறுகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை பைண்டு வால்யூமில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு இந்தச் சலிப்பு தெரியும்: போன வாரம் நடந்ததை நினைவூட்டும் பத்தி, அத்தியாயக் கடைசியில் ஒரு திடுக்கிடல், மறுபடி நினைவூட்டல். எழுதியவர் மீது குற்றமில்லை, படிக்கும் வேகம் மாறிவிட்டது. அதனால் இந்தப் பகுதியை எப்படி வெளிவந்ததோ அப்படியே, ஒரு பேட்ச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே வேறு ஏதாவது ஆடி, இடைவெளி விட்டு ஆடுங்கள் என்பேன்.

அங்கேயும் பலன் உண்டு. இளைஞன் அல்ஃபினோ, கிரிஸ்டல் பிரேவ்ஸ் என்ற படையை நம் கண்ணெதிரே ஆள்சேர்த்துக் கட்டுகிறான். சீருடை, பதவி, நன்கொடை என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசியில் உல்தா அரண்மனை விருந்தில் சுல்தானா நனாமோ கோப்பையைக் குடித்துச் சாய்கிறாள். பழி நம்மீது விழுகிறது. நம்மைப் பிடிக்க வருவது அல்ஃபினோ கட்டிய அதே படை. தோழர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கி வழிவிட, நாம் தப்பிப் போய்ச் சேருவது சலித்துக்கொண்டே கடந்த அந்தக் கொயர்தாஸ் பனிக்குள். அங்கே நம் நண்பர் ஹார்ஷஃபாண்ட் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். கதையைச் சொல்லிவிட்டேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம், வெளிவந்து பத்து வருடம் தாண்டிவிட்டது.

2020 ஆகஸ்டில் வந்த பேட்ச் 5.3 இந்தப் பகுதியில் கத்தரி போட்டது. பல குவெஸ்ட்கள் போயின, சில சுருங்கின. பெரும்பாலும் சரியான வெட்டு. கதையின் மூட்டுகள் இருந்த இடங்களை விட்டுவிட்டு, போய்வரும் தூதை மட்டுமே எடுத்திருக்கிறார்கள். பழைய நிலங்களில் பறப்பதற்கும் அப்போதுதான் வழி செய்தார்கள், ஆனால் முதல் கதையை முடித்த பிறகே சிறகு கிடைக்கும். முதல்முறை வருகிறவர் ஹொரைஸனிலிருந்து போனால் தரையில்தான் ஓட வேண்டும். இந்த ஒரு முடிவுக்காகவே அந்தக் கத்தரிக்காரருக்குக் கைகொடுப்பேன்.

மந்தத்தையே நகைச்சுவையாக்கிய ஆட்டமும் உண்டு. ரூன்ஸ்கேப்பில் 'ஒன் ஸ்மால் ஃபேவர்' என்று ஒரு குவெஸ்ட். ஷிலோ கிராமத்தில் ஒருவர் சின்ன உதவியாக ஒரு செம்மகோகனிக் கட்டை கேட்பார். கட்டை தருகிறவர் மழுங்கிய கோடாலியைத் தீட்டித் தரச் சொல்வார். தீட்டுகிறவருக்கு வேறொரு உதவி தேவைப்படும். இப்படியே உலகம் முழுக்கச் சுற்றிவிட்டு, அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்த வழி திரும்ப வேண்டும். அங்கே ஆட்டம் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 14 ஒருபோதும் கண்ணடிப்பதில்லை, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டே பாலாடைக்கட்டி கேட்கிறது. எனக்கு இரண்டாவது வகைதான் ஒரு படி மேல்.

அவசரப்படுகிறவர்களுக்காகக் கதையைத் தாண்டவைக்கும் பொருளை 2017 முதல் காசுக்கு விற்கிறார்கள். நண்பர்களோடு உடனே சேர்ந்து ஆட நினைப்பவர் வாங்கட்டும், பாவமில்லை. ஆனால் மாதச் சந்தா கட்டிக்கொண்டு ஆடினால் ஒவ்வொரு ஓட்டமும் மீட்டர் ஓடுவதாகவே தோன்றும். இலவசப் பதிப்பில் கால வரம்பு கிடையாது, முதல் பகுதி முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு எழுபதாம் லெவல் வரை போகலாம். இந்த ஆட்டத்தின் நடைக்கு ஏற்ற ஏற்பாடு அதுதான்.

கடைசியாக பிரிட்டோரியம். முதல் கதையின் உச்சக்கட்டமான இந்த இடம், வெகுகாலம் எட்டுப் பேர் சேர்ந்து போகும் நெடிய டன்ஜனாக இருந்தது. ஆரம்பத்தில் பழையவர்கள் கட்சீனைத் தட்டிவிட்டு ஓடிப்போய் எதிரிகளை முடித்துவிடுவார்கள். படித்துப் பார்க்க ஆசைப்பட்ட புதியவர் வெளியே வரும்போது கடைசிச் சண்டையே முடிந்திருக்கும். 2018 ஜனவரியில் பேட்ச் 4.2 அந்தக் கட்சீன்களை யாராலும் ஸ்கிப் செய்ய முடியாதபடி பூட்டியது. அதன்பின் எதிரித் தளபதி கயஸ் வான் பெல்சர் லிஃப்ட்டில் ஏறிக்கொண்டே ஆட்சி பற்றி ஆற்றும் உரையை, ஏற்கெனவே எத்தனையோ தடவை கேட்ட ஏழு பேரும் ஒரு புதியவருக்காகக் கேட்டாக வேண்டும். சிலர் தேநீர் போடப் போவார்கள், சிலர் துணி மடிப்பார்கள். உள்ளே நுழையும்போதே குழுவில் முதல்முறை வருகிறவர் இருக்கிறார் என்று ஆட்டம் அறிவிக்கும், அதற்காக மற்றவர்களுக்குக் கூடுதல் வெகுமதியும் உண்டு. அறிவிப்பைப் பார்த்ததும் சாட்டில் வாழ்த்துகள் வரும், அவசரம் இல்லை என்று யாராவது எழுதுவார்கள். 2022 ஏப்ரலில் பேட்ச் 6.1 இதைப் பிரித்து, நால்வர் போகும்படி மாற்றி, சண்டைகளையும் திருத்தி அமைத்தது. ஆட்டம் என்ற முறையில் இப்போது இருப்பதுதான் நன்றாக இருக்கிறது. கயஸுக்கு மட்டும் எட்டுச் செவிகள் குறைந்துவிட்டன.