நகரம் தரும் நோய்: இரு படைப்புகளை முன்வைத்து

விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் நம்மைக் கண்ட பெரியவர்கள் முதலில் கேட்பது, “ஏன் இப்படி இளைத்துப் போனாய்?” என்பதே. மும்பைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அவ்விடையில் பாதி உண்மை உண்டு. மீதியைத் தமிழ்ப் புனைகதை நமக்கு முன்பே உணர்த்தியிருக்கிறது. நாம்தான் அதனைக் கூர்ந்து படிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது. தென்பாண்டிச் சீமையிலிருந்து சென்னைக்கு வந்து ஜவுளிக் கடையில் பணிபுரியும் பிரமநாயகம் பிள்ளை, வாடகை குறைவு என்பதற்காக நகரின் ஒதுக்குப்புறத்தில் குடியிருக்கிறார். நோயுற்ற மனைவிக்குத் தாமே சமைத்து வைத்துவிட்டுக் கடைக்குச் செல்கிறார். அவர் திரும்பும்வரை அவள் தனியே கிடக்கிறாள். இக்கதையைத் தாம்பத்திய அன்பின் சித்திரம் என்று போற்றுவது வழக்கம். போற்றத்தக்கதே. ஆயினும், அத்துணை அன்பும் ஏன் அவளைக் காக்க இயலவில்லை என்ற வினாவை அப்பாராட்டு மறைத்துவிடுகிறது. வாடகை, தொலைவு, கடை நேரம், உறவினரற்ற தனிமை ஆகிய நான்குமே விடை. நோயின் பெயரைக் காட்டிலும் இவற்றையே கதை அழுத்தமாகக் காட்டுகிறது. அதன் ஆசிரியரே 1948இல் காசநோய்க்கு இரையானார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் நூலாக வந்தது. சென்னையின் ஒரு தெருவில் ஜமுனா முதலிய பெண்கள் குடத்துடன் அலைவதே அதன் பெரும்பகுதி. வறட்சியை மனவறட்சியின் குறியீடாகக் கொண்டு இந்நாவலை விளக்குவோர் உண்டு. குறியீடு இருக்கட்டும்; குடத்தின் எடை மெய்யானது அன்றோ? அகால வேளையில் விழிப்பு, கெட்ட உறக்கம், இடுப்பு நோவு, அண்டை வீட்டாருடன் மூளும் பூசல் ஆகிய அனைத்தும் நீர்ப் பற்றாக்குறையின் விளைவுகள். தாகம் அவற்றுள் ஒன்றே. உடலை மறந்துவிட்டுக் குறியீட்டை மட்டும் தேடும் திறனாய்வு அரைத் திறனாய்வே.

எனினும், நகரம் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதை இவ்விரு படைப்புகளும் வாதமாக எடுத்துரைப்பதில்லை. அது கலைஞனின் கடனன்று. அவ்வினாவை நம் மும்பையின் வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்த அவ்வமைப்பின் திட்டத்தில் உருவானதே நம்மவர் பலர் குடியேறிய மாதுங்கா. அதன் அருகிலேயே, திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் வாழ்ந்த தாராவி, காற்றும் கழிவுநீர் வசதியுமின்றி வளர்ந்தது. இரண்டும் தமிழர் குடியிருப்புகளே. ஆனால் ஒன்று திட்டமிடப்பட்டது, மற்றொன்று கைவிடப்பட்டது. 2020இல் பெருந்தொற்றின்போது விலகி இருக்கச் சொன்னார்கள். ஒற்றை அறையில் வாழும் குடும்பம் எங்கே விலகும்?

உயரமான கட்டடம் ஒன்றே இதற்குத் தீர்வாகிவிடாது. கோவண்டிப் பகுதியின் மறுகுடியமர்வுக் கட்டடங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதால் கீழ்த்தளங்களில் வெயில் புகுவதில்லை. அத்தளங்களில் வாழ்வோரிடையே காசநோய் மிகுதி என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரமநாயகம் பிள்ளையின் வீடு இன்று அடுக்குமாடியாக உயர்ந்திருக்கிறது, அவ்வளவே.

ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்து வந்து, பகலெல்லாம் பூட்டிய வீட்டில் விட்டுச் செல்லும் நமக்குச் செல்லம்மாள் அயலாள் அல்லள். அவளது மரணத்தை விதி என்று கருதினால் கண்ணீரோடு புத்தகத்தை மூடிவிடலாம். நகரத்தின் விளைவு என்று உணர்ந்தாலோ நமக்குக் கடமை பிறக்கிறது. பகலில் தனித்திருக்கும் முதியோர் நம் தெருவில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, அவர்களைச் சென்று காணும் பணியை நம் சங்கமே தொடங்கலாம். அக்கதையை நாம் சரியாகப் படித்தோம் என்பதற்கு அதுவே சான்றாகும்.