ஆட்டம் இருக்கிறது, ஆடியவர் எங்கே?

கத்திரி வெயில் தொடங்கியதும் ஊர்தோறும் நாட்டியப் பள்ளிகள் கோடைப் பயிற்சியைத் தொடங்கிவிடுகின்றன. நம் நெல்லித்தோப்பிலும் சலங்கையொலி கேட்கிறது. பயிற்சியோடு நாட்டிய வரலாறு பற்றிய சொற்பொழிவையும் சேர்த்து, பொதுமக்களும் வந்து கேட்கலாம் என்று அழைக்கும் வழக்கமும் பரவி வருகிறது. நல்ல ஏற்பாடு. காலுக்குத் தாளம் கற்பிப்போர் கருத்துக்கும் விருந்து வைப்பதை யார் வெறுப்பர்? ஆனால், அங்கே பரிமாறப்படுவது வரலாறுதானா என்று கேட்காமல் இருப்பதற்கில்லை.

பெரும்பாலும் கதை இப்படிச் செல்லும். பரத முனிவர் நூல் செய்தார். தில்லைக் கோபுரத்தில் கரணச் சிற்பங்கள் எழுந்தன. பிறகு கலை சீரழிந்தது. 1930-களில் சில பெரியோர் தோன்றி, சேற்றில் கிடந்த அதனை மீட்டெடுத்துக் கழுவித் தூய்மை செய்தனர். கைதட்டல், நன்றியுரை, கூட்டம் கலைந்தது! முனிவருக்கும் மீட்பருக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! அத்தனை காலமும் ஆடியவர் யார்? ஆட்டுவித்தவர் யார்? தூணிலிருந்த சிலையா இறங்கி வந்து அடவு பயிற்றுவித்தது?

விடை மறைந்து கிடக்கவில்லை. அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று மேடையில் காணும் வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்கு செய்தவர்கள், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை உடன்பிறப்புகள் நால்வர். 1936-இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பயின்றார். பிள்ளையவர்கள் நட்டுவனார் மரபினர். அம்மையாரோ கபாலீசுவரர் கோயிலில் ஆடிய தேவதாசி. மீட்டவர் என்று போற்றப்படுபவருக்கே கற்பித்தவர்கள் இவர்கள் என்றால், கலை அழிந்து கிடந்தது எங்கே? இவர்களிடம் அது உயிரோடு இருந்தது என்பதற்குக் கற்றுக்கொண்டவரே சான்று அன்றோ?

பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு நாம் பரிந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். அந்த இழிவை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். அக்கொடுமையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936-இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினத்தால் அதன் முகத்திரையைக் கிழித்தார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. வந்தது நன்றே! ஆயினும் பெண்ணை விடுவிப்பது சீர்திருத்தம். அவள் கலையை இன்னொருவர் பெயரில் பதிந்துகொள்வது சுரண்டல். சதிர் ஆடியவளுக்கு மேடை மூடிய அதே காலத்தில், பரதநாட்டியம் என்ற புதுப்பெயருடன் அதே ஆட்டத்துக்கு மேட்டுக்குடி மகளிர் முன் மேடை திறந்தது. இதைச் சொல்லாத சொற்பொழிவு எப்படி வரலாறாகும்?

அதிலும் புதுச்சேரியில் பேசுவோர் இதை மறப்பது பெரும் பிழை. 1838-இல் தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர், இந்நகரில் ஒப்பந்தம் எழுதி, கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயில் மகளிர் ஐவரையும் இசைக்கலைஞர் மூவரையும் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். பாரிசின் வரியேத்தே அரங்கில் ஆடினர். இலண்டனில் அடெல்பி அரங்கிலும் ஆடினர். இந்திய ஆடல்மகள் எப்படியிருப்பாள் என்று பாரிஸ் அதற்கு முன்பே கற்பனை செய்து பார்த்திருந்தது. 1830-இல் மரி தாலியோனி அந்த வேடம் புனைந்து ஆடிப் புகழும் பெற்றிருந்தார். வேடம் முதலில் வந்தது, உண்மைப் பெண் பிறகு வந்தாள்! கவிஞர் தெயோபில் கோத்தியே வியந்து எழுதினார். சிற்பி பார், பிரெஞ்சுக்காரர் ‘அமனி’ என்று குறித்த மங்கையின் உருவைச் சமைத்தார். அவளுக்கு அப்போது ஏறத்தாழ 18 வயது. காட்சிப்பொருளாகத்தான் கண்டார்கள், ஆனாலும் பெயரை எழுதி வைத்தார்கள். அவள் பயணத்துக்கு ஒப்பந்தம் எழுதப்பட்ட இந்த ஊரில், எத்தனை சொற்பொழிவில் அவள் பெயர் ஒலிக்கிறது?

“சிறுமியர் அமர்ந்திருக்கும் அவையில் தாசிப் பேச்சு எதற்கு?” என்பார் உளர். ஆசிரியப் பணியில் கண்டதைச் சொல்கிறேன். வகுப்பில் மறைத்த பாடத்தைப் பிள்ளைகள் தெருவில் கற்கிறார்கள், கொச்சையாகக் கற்கிறார்கள். மேலும், அந்த மரபில் பிறந்த சிறுமி ஒருத்தியும் அவ்வவையில் இருந்தால்? தன் பாட்டிதான் அந்தச் சேறு என்று கேட்டுக்கொண்டா அவள் அடவு பழக வேண்டும்? கொடுமை செய்த முறை நாணட்டும். கொடுமைக்கு ஆளானவள் ஏன் நாண வேண்டும்?

வீணை தனம்மாளின் பேத்தியான பாலசரசுவதி நாணவில்லை. கோடைதோறும் பயிற்சியும் ஆட்டமும் நிகழும் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ நடன மையத்தில் 1962-இல் ஆடினார். தம் கலையின் சிருங்காரத்துக்கு எவருடைய தூய்மைச் சடங்கும் தேவையில்லை என்று துணிந்து நின்றார். 1975-இல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், ஆடல் வரிசையைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு விளக்கினார். கோயிலில் நமக்கு நாட்டமில்லை. ஆனால், ஆடியவரே ஆடலின் உள்ளமைப்பை எடுத்துரைத்த அப்பேச்சை நாட்டியம் பயிலும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். விராலிமலைக் கோயிலில் சதிராடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அரசே மதித்த பின்னும் நாட்டியப் பள்ளிகள் தயங்குவானேன்?

நாம் கேட்பது பெரிதன்று. அடவைச் சொல்லிக்கொடுக்கும்போதே அதைக் காத்தவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். அந்த மரபில் வந்தோரை அவையின் கடைசி வரிசையில் அமர்த்தாமல் மேடைக்கு அழையுங்கள். பேசவிட்டு, உரிய ஊதியமும் கொடுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கட்டணமின்றிப் பயில வழி செய்யுங்கள். வரும் கோடையில் புதுச்சேரியில் நிகழும் முதற் சொற்பொழிவு, 1838-இல் கடல் கடந்த அந்த ஐந்து பெண்களைப் பற்றியதாக இருக்கட்டும்!