காயில் கட்டத் தெரிந்த கை

எலவனாசூர்கோட்டையில் ‘நீர்மூழ்கி’ என்று சொன்னால் யாருக்கும் கப்பல் நினைவுக்கு வராது. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில் இருக்கிற ஊர் இது. கடல் கிழக்கே எங்கோ தொலைவில். இங்கே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பது போர்வெல்லில் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார்தான். அது கோயம்புத்தூரில் செய்ததா, சீனாவிலிருந்து வந்ததா என்பதெல்லாம் கடையில் நின்று வாங்குகிற அன்றைக்குப் பேசுகிற பேச்சு. கரும்பு காய்கிற சமயத்தில் மோட்டார் எரிந்துபோனால் விவசாயிக்கு வேறு கவலை வந்துவிடும். காயில் கட்டுகிற ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? பைப்பை உருவி, மோட்டாரை வெளியே எடுத்து, இரண்டு நாளில் திரும்ப இறக்கிவிட முடியுமா?

ஒரு நாடு தன் கடற்படைக்கான நீர்மூழ்கிக் கப்பலை வெளிநாட்டில் வாங்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் அந்தக் கடை வாசல் பேச்சிலேயே நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் சுதேசிப் பெருமை, இன்னொரு பக்கம் ‘எதிரி வாசலில் நிற்கிறான், காத்திருக்க நேரமில்லை’ என்ற அவசரம். இந்தியா ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டது. விலைக்கு வாங்கியது, குத்தகைக்கு எடுத்தது, அயல்நாட்டு வரைபடத்தை வைத்து மும்பையில் கட்டியது, அணுசக்தியில் ஓடும் கப்பலைச் சொந்தமாகவும் கட்டியது. எனவே ஊகித்துப் பேச வேண்டியதில்லை. கணக்குப் பார்த்தால் போதும்.

கணக்கு 1967 டிசம்பர் 8-ஆம் தேதி தொடங்குகிறது. அன்றைய சோவியத் ஒன்றியத்தின் ரீகா துறைமுகத்தில் ‘கல்வரி’ இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. (கள்ளக்குறிச்சிக்காரர் காதில் இந்தப் பெயர் விழுந்தால் கல்வராயன் மலைதான் கண்முன் நிற்கும். உண்மையில் அது ஆழ்கடல் சுறா ஒன்றின் பெயர்.) இந்தியா முதலில் நாடியது பிரிட்டனை. அது கைகூடாமல் போகவே மாஸ்கோவின் கதவைத் தட்டியது. 1974-க்குள் எட்டு ஃபாக்ஸ்ட்ராட் ரகக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒரு நீர்மூழ்கிகூட இல்லாதிருந்த கடற்படைக்கு ஏழே ஆண்டுகளில் ஒரு படைப்பிரிவு கிடைத்தது. உள்நாட்டிலேயே கட்டுவோம் என்று அன்று பிடிவாதம் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது.

வாங்குவதை ஆதரிப்பவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி எதிர்முகாமில் இருக்கிறது. 1971 போரில் பாகிஸ்தானின் முக்கியமான இரண்டு நீர்மூழ்கிகளும் அயல்நாட்டில் பிறந்தவை. அமெரிக்கா இரவல் கொடுத்திருந்த பழைய ‘காஸி’ விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. பிரான்சில் கட்டிய ‘ஹங்கோர்’, கடற்படையில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 9 இரவு டியூ அருகே இந்தியாவின் ‘குக்ரி’ கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. குக்ரியோடு போனவர்கள் 194 பேர். கப்பல் எந்த நாட்டில் கட்டியது என்று அந்த டார்பிடோவை யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் வாங்கிவிட்டுப் போகலாமே?

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முந்நூறு மீட்டரில் உடற்கூட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் முப்பது கிலோ எடை உட்கார்ந்திருக்கும். அதைத் தாங்கும் சிறப்பு எஃகை வளையங்களாக வளைத்து, துளி கோணலில்லாமல் ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு பற்றவைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலை புத்தகத்தில் இல்லை, கையில் இருக்கிறது. திருச்சியில் கொதிகலன் வெல்டிங் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: நல்ல வெல்டருக்கும் ஆறு மாதம் வேலையில்லாவிட்டால் கை மறந்துபோகும். வரைபடத்தை விலைக்கு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். பழகிய கையைப் பூட்டி வைக்க முடியாது.

இந்தியா சறுக்கியது சரியாக இந்த இடத்தில்தான்.

1981 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு நான்கு கப்பல்களுக்கு ஒப்பந்தமானது. இரண்டை ஜெர்மானியர்கள் கீல் நகரில் கட்டித் தருவார்கள். இரண்டை இந்தியர்கள் மும்பை மசகான் தளத்தில் கட்டுவார்கள். இந்தியத் தொழிலாளர்கள் கீலுக்குப் போய்க் கற்றுக்கொள்வார்கள். திட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ‘சிசுமார்’, ‘சங்குஷ்’ இரண்டும் 1986-இல் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1992-இல் ‘ஷல்கி’, 1994-இல் ‘ஷங்குல்’ மும்பையில் கட்டி முடிந்து படையில் சேர்ந்தன. இந்திய மண்ணில் கட்டிய முதல் நீர்மூழ்கி ஷல்கிதான்.

இடையில் 1987-இல் இந்த ஒப்பந்தத்தில் 7 சதவீதக் கமிஷன் கைமாறியதாகப் புகார் வெடித்தது. விசாரணைக்கு உத்தரவிட்ட பாதுகாப்பு அமைச்சர் வி.பி. சிங் பதவி விலகினார். ராஜீவ் காந்தி அரசு ஆட்டம் கண்டது. அடுத்துக் கட்டவேண்டிய ஐந்தாவது, ஆறாவது கப்பல்கள் கைவிடப்பட்டன. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, எதுவும் நிரூபணமாகாமல் மூடப்பட்டது. ஊழலை விசாரித்ததில் தவறே இல்லை. ஆனால் தரகர் மேல் விழவேண்டிய அடி பட்டறை மேல் விழுந்தது. ஷங்குல் சேர்ந்த பிறகு மசகான் தளத்தில் நீர்மூழ்கி வேலையே இல்லை. கீலில் படித்து வந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். அடுத்த நீர்மூழ்கிக்காக அங்கே எஃகை வெட்டியது 2006 இறுதியில். பன்னிரண்டு ஆண்டு இடைவெளி.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. இந்தியாவில் அந்தப் புகார் வெடித்த அதே 1987-இல் தென்கொரியா அதே எச்.டி.டபிள்யூ.விடம், அதே ரகக் குடும்பத்தைச் சேர்ந்த கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் கப்பல் ‘சாங் போகோ’ கீலில் கட்டப்பட்டு 1993-இல் சேர்ந்தது. மிச்சம் எட்டும் கொரியாவின் தேவூ தளத்தில், ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று தொடர்ந்து கட்டப்பட்டன. பிறகு அடுத்த தலைமுறை ஜெர்மன் ரகம். அதன்பின் சொந்த வடிவமைப்பில் ‘தோசன் ஆன் சாங்கோ’, 2021-இல் சேவைக்கு வந்தது. நடுவில் இந்தோனேசியாவுக்கு மூன்று கப்பல்களை விற்கவும் செய்தது கொரியா. இரு நாடுகளுக்கும் வாத்தியார் ஒருவரே. இந்தியா ஆறு ஆண்டு முன்னால் பள்ளியில் சேர்ந்த மாணவன். ஆனால் பாதியில் நின்றுவிட்டு, 2005-இல் வேறொரு வாத்தியாரிடம் மறுபடி முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தது.

அந்தப் புது வாத்தியார் பிரான்ஸ். ஆறு ஸ்கார்பீன் கப்பல்கள், ஒப்பந்த மதிப்பு 18,798 கோடி ரூபாய். பிறகு 23,562 கோடியாக ஏறியது. முதல் கப்பல் 2012-இல் வரவேண்டியது. பழைய கல்வரியின் பெயரைத் தாங்கி அது வந்தது 2017 டிசம்பரில். வந்தபோதும் அதற்கென்று தேர்ந்தெடுத்த டார்பிடோ இல்லை. ‘பிளாக் ஷார்க்’ என்ற இத்தாலிய டார்பிடோவை வாங்க இருந்தார்கள். அதைச் செய்யும் நிறுவனம் ஹெலிகாப்டர் ஊழல் புகாரில் சிக்கிய குழுமத்தைச் சேர்ந்தது என்பதால் அந்தக் கொள்முதலும் ரத்தானது. எச்.டி.டபிள்யூ. காலத்து டார்பிடோவோடுதான் புதிய கப்பல் கடலுக்குள் இறங்கியது. புதுத் துப்பாக்கியில் தாத்தா காலத்துத் தோட்டா. அதற்குள் 2016-இல் ஸ்கார்பீன் பற்றிய 22,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் கசிந்து ஆஸ்திரேலியப் பத்திரிகையில் செய்தியானது. தன் கப்பலின் ரகசியம் எங்கோ ஓர் அயல்நாட்டு மேசையிலிருந்து வெளியேறியதை இந்தியக் கடற்படை பத்திரிகையைப் பார்த்துத்தான் அறிந்தது.

கப்பல் முழுதாகக் கைக்கு வந்தாலும் அதன் உள்ளே இருக்கும் ஒரு பொருளின் சாவி வேறொருவரிடம் இருக்கலாம். தாய்லாந்து 2017-இல் சீனாவிடம் நீர்மூழ்கி வாங்க ஒப்பந்தம் போட்டது. சீனர்கள் அதில் ஜெர்மன் என்ஜினைப் பொருத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் சீனாவுக்கு ஆயுதத் தடை விதித்திருப்பதால் ஜெர்மனி என்ஜின் தர மறுத்தது. விற்றவர் ஒருவர், மறுத்தவர் இன்னொருவர், நடுவில் பணம் கொடுத்த பாங்காக். ஆண்டுக்கணக்கில் இழுபறிக்குப் பிறகு சீன என்ஜினுக்கே தாய்லாந்து தலையாட்ட நேர்ந்தது.

பழுதுபார்ப்பும் இதே கதைதான். சோவியத் ஒன்றியத்திலிருந்தும் பிறகு ரஷ்யாவிலிருந்தும் 1986 முதல் 2000 வரை வந்த பத்து ‘கிலோ’ ரகக் கப்பல்களில் பல பெரிய பராமரிப்புக்காகத் திரும்ப ரஷ்யாவின் வட கோடிக்கே போய்வந்தன. அந்தக் காலமெல்லாம் அவை கடற்படையின் கணக்கில் உண்டு, கடலில் இல்லை. ஆனால் இதை வைத்து ‘எல்லாம் இங்கேயே செய்யலாம்’ என்று முழங்குவதும் சரியல்ல. ‘சிந்துகீர்த்தி’யைப் பழுதுபார்க்க 2006-இல் விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் தளத்திடம் ஒப்படைத்தார்கள். திரும்பக் கிடைத்தது 2015-இல். ஒன்பது ஆண்டு! காயில் கட்டுகிற கடை ஊரில் இருந்தால் மட்டும் போதாது. கடைக்காரருக்குக் கட்டத் தெரிய வேண்டும். அடுத்தடுத்து வேலை வந்தால்தான் அது தெரியும். அதே தளம் பின்னர் ‘சிந்துவீர்’ கப்பலைச் செப்பனிட்டுக் கொடுக்க, 2020-இல் அது மியான்மருக்குப் போனது. முதல் கப்பலில் பட்ட பாடு வீணாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சுதேசி என்ற சொல்லே விலையைக் குறைத்துவிடாது என்பதற்கும், வாங்குபவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆஸ்திரேலியா ஒரே உதாரணமாக நிற்கிறது. ஸ்வீடன் வடிவமைப்பில் அடிலெய்டில் ஆறு ‘காலின்ஸ்’ கப்பல்களைக் கட்டி, இரைச்சல் முதலான கோளாறுகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. கடைசிக் கப்பல் 2003-இல் சேர்ந்தது. பட்டறைக்குப் புது நீர்மூழ்கி வேலை தரவில்லை. 2016-இல் பிரான்சிடம் பன்னிரண்டு கப்பல்களுக்குப் போனது. 2021 செப்டம்பரில் அதையும் உதறிவிட்டு அமெரிக்க, பிரிட்டன் அணுசக்திக் கப்பல் என்றது. பிரெஞ்சு நிறுவனத்துக்கு 55.5 கோடி யூரோ இழப்பீடு கொடுத்துத்தான் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. கைக்கு வந்த கப்பல் பூஜ்யம்.

யாரும் விற்காத பொருளில் என்ன நடந்தது என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்கே வரலாம். அணுசக்தி நீர்மூழ்கியைச் சோவியத் ஒன்றியம் ஒரு முறையும் ரஷ்யா ஒரு முறையும் குத்தகைக்குத் தந்தன. 1988-இல் மூன்றாண்டுக்கு ஒரு ‘சக்ரா’, 2012-இல் இன்னொரு ‘சக்ரா’. மாலுமிகள் ஓட்டப் பழகினார்கள், அவ்வளவுதான். வண்டி உரிமையாளரிடமே திரும்பியது. அணு உலையைச் சந்தையில் வாங்க முடியாது என்பதால் கல்பாக்கத்தில் நீர்மூழ்கியின் உலைப் பகுதியைத் தரையிலேயே கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். 2006-இல் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதன் வழியில் வந்த ‘அரிஹந்த்’ 2009-இல் கடலில் இறங்கி, 2016-இல் படையில் சேர்ந்தது, ‘அரிகாட்’ 2024-இல். இதிலும் அந்நிய உதவி இல்லாமலில்லை. அணுசக்தித் துறையின் அனில் ககோட்கர் ரஷ்யர்களுக்குப் பகிரங்கமாகவே நன்றி சொன்னார். அறிவுரை அங்கிருந்து வந்தது, வேலை செய்த கை இங்கிருந்தது. வேலையும் நடுவில் அறுபடவில்லை. கல்பாக்கத்துக்குச் சற்று வடக்கே மாமல்லபுரத்தில், ஓய்வுபெற்ற ரஷ்ய ஃபாக்ஸ்ட்ராட் ‘வாக்லி’யை அருங்காட்சியகமாக நிறுத்தப் போட்ட திட்டம் மட்டும் கடைசிவரை கரையேறவில்லை.

ஆகவே வாங்குவதா, கட்டுவதா என்று கேட்பது பாதிக் கேள்வி. முதல் கப்பலை வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். அப்படி வாங்கும்போது எஃகு, பேட்டரி, சோனார், டார்பிடோ, பழுதுபார்க்கும் வரைபடம் இவற்றில் எது எது நம் கைக்கு வருகிறது என்பதே பேரத்தின் உயிர்நாடி. சோனாரில் இந்தியா இதைச் செய்து காட்டியிருக்கிறது. கொச்சி ஆய்வகம் உருவாக்கிய ‘உஷஸ்’ ரஷ்யக் கப்பல்களிலேயே ஏறியது. காற்றில்லாமல் இரண்டு வாரம் வரை மூழ்கியிருக்க உதவும் ஏ.ஐ.பி. கருவியில் அந்த வேகம் இல்லை. ஆறு ஸ்கார்பீன்களும் அது இல்லாமலேயே சேர்ந்தன; உள்நாட்டுக் கருவியைப் பொருத்தும் ஒப்பந்தம் 2024 டிசம்பர் கடைசியில்தான் கையெழுத்தானது.

1999-இல் மத்திய அரசு ஒரு முப்பதாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் 24 நீர்மூழ்கிகள். ஆறு ஆறாக இரண்டு தளங்களில் ஒரே சமயத்தில் கட்டி, கற்றுக்கொண்டதை வைத்து மிச்சம் பன்னிரண்டைச் சொந்தமாக வடிவமைப்பது. காகிதத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியிருக்க முடியாது. இரண்டாவது ஆறுக்கான டெண்டர் 2021-இல்தான் வெளியானது. எல் அண்ட் டி நிறுவனமும் ஸ்பெயினும் ஒரு பக்கம், மசகானும் ஜெர்மனியும் மறு பக்கம் என்று போட்டி நடந்து, 2025-இல் ஜெர்மன் கூட்டணியோடு விலை பேச அரசு பச்சைக்கொடி காட்டியது. நாற்பது ஆண்டு கழித்துப் பழைய வாத்தியாரின் வாசலுக்கே திரும்பி வந்தாயிற்று.

2025 ஜனவரி 15-ஆம் தேதி மும்பையில் ஆறாவது ஸ்கார்பீன் ‘வாக்ஷீர்’ படையில் சேர்ந்தது. பிரதமர் வந்திருந்தார், பெரிய விழா. ஒப்பந்தமான ஸ்கார்பீன் வரிசை அத்தோடு முடிந்தது. மேலும் மூன்று ஸ்கார்பீன்களுக்கு 2023-இல் கொள்கை ஒப்புதல் கிடைத்திருந்தது. ஆனால் விழா நடந்த அந்த நாளில், அதே பட்டறையின் வெல்டர்கள் அடுத்துக் கட்டவேண்டிய டீசல் நீர்மூழ்கி எதற்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கவில்லை.