கேபிளின் இறுக்கமும் இரண்டாவது கையொப்பமும்

சிறு விமானத்தை ஓட்டுபவரின் கைக்கும் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடலுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல விட்டமுள்ள ஓர் எஃகுக் கேபிள்தான். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பறக்கும் செஸ்னா 152, 172 ஆகியவற்றில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், திசை திருப்பும் ரட்டர் ஆகிய மூன்றும் இவ்வாறே கேபிளாலும் கப்பியாலும் இயங்குகின்றன. அவை எந்த அளவு அசைய வேண்டும், கேபிள் எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்று கையேட்டில் கண்டபடி சரிசெய்து பூட்டும் வேலைக்கு ரிக்கிங் என்று பெயர்.

இம்முறையின் முதற்பெரும் வலிமை, அதில் எதுவும் கண்ணுக்கும் கைக்கும் மறைந்ததல்ல என்பதே. ஏழு புரிகள், புரிக்குப் பத்தொன்பது இழைகள் என முறுக்கப்பட்ட கேபிளின்மீது மெக்கானிக் ஒரு துணியைப் பற்றி மெல்ல உருவிச் செல்லும்போது, கப்பியில் வளைந்து வளைந்து அறுந்த இழை ஒன்று இருந்தாலும் அதன் முனை துணியில் சிக்கிக்கொள்ளும். இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டர்ன்பக்கிள் என்ற திருகு உருளையின் இரு முனைகளிலும் மூன்று மரைகளுக்கு மேல் வெளியே தெரியக்கூடாது என்பதும், அது தானாகச் சுழன்று தளராதபடி லாக்கிங் வயர் சுற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதும், கருவி ஏதுமின்றிப் பார்த்தே அறியக்கூடியவை. கணினி வழியே இயங்கும் பெரிய விமானங்களில் இத்தகைய நேரடி அறிவுக்கு இடம் மிகக் குறைவு.

ஆனால் இறுக்கம் என்பது நிலையான எண் அன்று. செஸ்னா 172இன் ஏலரான் கேபிளுக்குக் கையேடு கூறும் 40 பவுண்டு, பத்துக் கூடலாம் அல்லது குறையலாம் என்ற வரம்போடு, அந்தந்த வட்டாரத்தின் சராசரி வெப்பநிலைக்கு உரியது. அலுமினியம் வெப்பத்தில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், அலுமினிய உடலுக்குள் ஓடும் எஃகுக் கேபிள் வெயில் ஏற ஏற இறுகிக்கொண்டே போகிறது. திருச்சிராப்பள்ளியின் சித்திரை மாத விடியலில் 26 டிகிரியில் இருக்கும் விமானம் பிற்பகலில் 41 டிகிரிக்குச் சூடேறினால், ஐந்து மீட்டர் நீளத்தில் அலுமினியம் 1.7 மில்லிமீட்டரும் எஃகு 0.9 மில்லிமீட்டரும் நீளும். இந்த வேறுபாட்டைக் கேபிளே இழுபட்டு ஈடுசெய்ய வேண்டும். எனவே நண்பகலில் சரியாக 40 பவுண்டு வைத்துப் பூட்டியவர், விடியற்காலைப் பறப்புக்குத் தளர்ந்த கேபிளைக் கொடுத்தவர் ஆகிறார். 1958இல் முதன்முதலாகப் பறந்து, பின்னர் இந்தியப் பறப்புக் கழகங்களில் பல்லாண்டுகள் பயிற்சிக்குப் பயன்பட்ட எச்.ஏ.எல். புஷ்பக்கில் இத்தொல்லை குறைவு. அதன் உடற்கூடு துணி போர்த்திய எஃகுக் குழாய் என்பதால் கூடும் கேபிளும் ஏறக்குறைய ஒன்றாகவே விரிந்தன.

திருச்சியின் பொன்மலையில் பெரிய பணிமனையைக் கொண்ட ரயில்வேத் துறைக்கும் இச்சிக்கல் புதிதன்று. கைகாட்டிகள் கம்பியால் இழுக்கப்பட்ட காலத்தில், வெயிலில் நீண்டு தொய்யும் கம்பியைக் கேபினிலிருந்தே இழுத்துச் சரிசெய்யும் அமைப்பு இருந்தது. கம்பி அறுந்தே போனாலும் எதிர் எடையின் பலத்தால் கை ‘நில்’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பிழை நேர்ந்தால் பாதுகாப்பின் பக்கமே சாயும் இந்த ஏற்பாடு விமானத்துக்கு இல்லை, ஏனெனில் நடுவானில் ‘நில்’ என்றொரு நிலை கிடையாது.

இதைவிடக் கடுமையான குறை, தவறாகப் பூட்டப்பட்ட அமைப்பும் சரியானது போலவே தோன்றும் என்பது. 1947 ஆகஸ்டு 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபோர்டில் ஏலரான் கேபிள்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்த அவ்ரோ டியூடர் விமானம் புறப்பட்டவுடன் விழுந்ததில், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் உயிரிழந்தார். அந்தக் கேபிள்கள் தளர்ந்தவையும் அல்ல, தேய்ந்தவையும் அல்ல. கட்டுப்பாட்டுக் கோலைப் பெருவிரல் மேல்நோக்கி நிற்கப் பற்றி ஒருபுறம் சாய்த்தால், விரல் காட்டும் பக்கத்து ஏலரான் உயர வேண்டும் என்ற எளிய சோதனை இத்தகைய பிழையைத் தரையிலேயே காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய பிழைகளைத் தடுக்கவே, கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்தபின் ஒருவர் பார்த்ததை மற்றொருவர் தனியே பார்த்துக் கையொப்பமிடும் டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷன் இந்திய நடைமுறையிலும் உள்ளது. இது உயர்ந்த ஏற்பாடுதான். ஆயினும் அதன் பயன் முழுவதும் ‘தனியே’ என்ற ஒரு சொல்லைப் பொறுத்தது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் 21 பேர் மாண்ட பீச்கிராஃப்ட் 1900டி விபத்தில், எலிவேட்டர் கேபிளைச் சரிசெய்த மெக்கானிக் கையேட்டின் சில படிகளைத் தவிர்த்திருந்தார். அவருக்கு அவ்வேலையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவரே அதைச் சோதித்து ஒப்பிய ஆய்வாளரும் ஆவார். மூக்கைத் தாழ்த்தும் அசைவு குறைந்துபோயிருந்த அவ்விமானம் அதன் பின்னும் பலமுறை பத்திரமாகப் பறந்து, வால் பக்கம் பாரம் மிகுந்த அன்றுதான் வீழ்ந்தது. கையொப்பங்கள் இரண்டு இருந்தாலும் எண்ணம் ஒன்றாகவே இருந்தால், இரண்டாவது சோதனை நடந்ததாகக் கொள்ள முடியாது.

ஆகவே குறை கேபிளில் இருப்பதைவிடச் சோதனையைப் பதிவுசெய்யும் முறையிலேயே மிகுதியாக உள்ளது. முதலாமவர் எழுதிய எண்களைக் கண்டபின் அளப்பவரின் கை, அறியாமலே அந்த எண்களை நோக்கிச் செல்லும். செஸ்னா 172இல் ஏலரான் மேலே 20 டிகிரி, கீழே 15 டிகிரி என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க, கோணமானியில் 17 தெரிந்தால் அவர் முதலில் ஐயுறுவது கோணமானியைத்தான். இரண்டாமவர் வெற்றுத்தாளில் தம் அளவுகளை எழுதி முடித்த பின்னரே முதல் தாளைப் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்குக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அத்தாளில் கேபிளின் இறுக்கத்தை எழுதும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அளந்த நேரத்துக்கும் அப்போதைய வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் வரைந்து வைப்பது திருச்சி போன்ற ஊருக்கு இன்றியமையாதது.