நகல் எடுப்பதும் மீட்டெடுப்பதும்

வீட்டுக் கணினிக்குப் பேக்கப் மென்பொருள் தேடுபவர் முன்னால் வழக்கமாக ஓர் ஒப்பீட்டு அட்டவணை இருக்கும். இலவசமா, தானாக ஓடுமா, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்குமா, எவ்வளவு சுருக்கும், கிளவுடில் ஏற்றுமா என்று வரிசையாகக் கட்டங்கள். டிக் அதிகம் வாங்கிய மென்பொருள் வென்றுவிடும். இந்த அட்டவணைகூட வேண்டியதில்லை என்ற வாதம் அண்மையில் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற மைக்ரோசாஃப்ட் காட்டிய வழிகளுள் ஒன்று, இயங்குதளத்துடன் வரும் ‘விண்டோஸ் பேக்கப்’ வழியாகக் கணினி அமைப்புகளைத் தன் கணக்கில் ஏற்றிவைப்பது. நிறுவனமே பேக்கப் தரும்போது வேறு மென்பொருள் எதற்கு என்பது இதற்கு ஆதரவானவர்களின் கேள்வி. அட்டவணைக்காரர்களும் இவர்களும் எதிரெதிர் அணிகள்போலத் தெரிந்தாலும் இரு தரப்பும் அளப்பது ஒன்றைத்தான்: நகல் எவ்வளவு சுலபமாக எடுக்கப்படுகிறது என்பதை.

இந்த மென்பொருள்களின் நிறைகளைப் பற்றி விவாதம் இல்லை. கணினியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதன் ஒரு கண நிலையை மாறாமல் பிடித்து நகலெடுக்க ‘வால்யூம் ஷேடோ காப்பி’ என்ற விண்டோஸ் வசதி இடம் தருகிறது. 2007-இல் மேக் கணினிகளுக்கு வந்த டைம் மெஷின், வெளி வட்டைச் செருகினால் போதும் என்ற அளவுக்கு வேலையை எளிதாக்கியது. முழு வட்டையும் ஒரே இமேஜாக எடுத்துவைப்பவருக்கு இயங்குதளம், மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் சேர்ந்தே திரும்பும். இன்று எங்கும் கிடைக்காத பழைய மென்பொருளை வைத்திருப்பவருக்கு வேறு வழியும் கிடையாது. வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்பும் தைவானில் உருவான குளோன்சில்லாவும் இதைக் காசு வாங்காமல் செய்கின்றன. சி டிரைவை ஃபார்மேட் செய்தாலும் டி டிரைவில் இருப்பது பத்திரம் என்ற பழைய நம்பிக்கையைவிட இவை எவ்வளவோ மேல். அந்த இரு டிரைவ்களும் பெரும்பாலும் ஒரே வட்டின் பாகங்கள்; வட்டு பழுதானால் சேர்ந்தே போகும்.

குறை மீட்பில் இருக்கிறது. விதைநெல்லின் தரத்தைக் குதிர் நிரம்பியிருப்பதைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. ஒரு பிடி எடுத்து முளைக்கப் போட்டுப் பார்க்கிறார்கள். பேக்கப் மென்பொருளை மட்டும் குதிரின் அளவை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீட்பு தேவைப்படும் நாளில் கணினி பூட் ஆகாது. அழகான திரை, கால அட்டவணை, பச்சை டிக் எல்லாம் செத்த வட்டுக்குள் கிடக்கும். கையில் மிஞ்சுவது என்றோ ஒருநாள் உருவாக்கிய மீட்பு பென்டிரைவும் வெளி வட்டில் உள்ள ஒரு பெரிய கோப்பும்தான். மென்பொருளின் உண்மையான மதிப்பு அந்த இரண்டில் அடங்கியிருக்கிறது. அட்டவணைகளில் அவற்றுக்குக் கிடைப்பது அதிகம் போனால் ஒரு கட்டம்.

அந்த ஒரு கட்டத்துக்குள் பல தடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலில் பென்டிரைவ் பூட் ஆக வேண்டும். பிளாக்லோட்டஸ் என்ற தீநிரலுக்கு எதிராக 2023 முதல் மைக்ரோசாஃப்ட் பழைய பூட் நிரல்களைப் படிப்படியாகச் செல்லாதவையாக்கி வருகிறது. இந்தத் தடை நடப்புக்கு வந்த கணினியில், முன்பு உருவாக்கிய மீட்பு ஊடகம் பூட் ஆகாது என்று அந்த நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பூட் ஆனால், உள்ளே இருக்கும் வட்டு அதற்குத் தெரிய வேண்டும். இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் செயலிகள் முதல், பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது. அதற்குரிய டிரைவர் இல்லாத பென்டிரைவின் கண்ணுக்கு எஸ்எஸ்டி தென்படாது. தெரிந்தாலும் அது பூட்டியிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் வட்டு மறையாக்கம் இயல்பாகவே தொடங்கிவிடுகிறது. பிறகு அந்த வட்டை வெளியிலிருந்து திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அப்படி ஒரு சாவி இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரியவரும். புதிய வட்டு வாங்கினால் அளவு இடிக்கும்: குளோன்சில்லா இயல்பாகப் பழைய வட்டுக்குச் சமமான அல்லது பெரிய வட்டையே கேட்கிறது; 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 100 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும் 512 ஜிபி எஸ்எஸ்டி அதற்குப் போதாது. வேறு கணினிக்கே மாற்ற வேண்டுமென்றால் புதிய வன்பொருளுக்கு இமேஜைப் பொருத்தும் வசதி தேவை. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற மென்பொருளில் அந்த வசதி கட்டணப் பதிப்பில்தான் இருந்தது.

நகலைச் சரிபார்க்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறதே என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். அந்தச் சோதனை, எழுதிய கோப்பு சிதையாமல் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. மேலே சொன்ன தடைகளில் ஒன்றைக்கூட அது தொட்டுப் பார்ப்பதில்லை. தேர்ந்த பொறியாளர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏற்படுத்தி வைத்திருந்த ஐந்து வகைக் காப்பு முறைகளில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்திருந்த நகல் கைகொடுத்தது. சம்பளம் வாங்கிக் கண்காணிப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே நிலைமை இதுவென்றால், பச்சை டிக்கை நம்பி உட்கார்ந்திருக்கும் வீட்டின் கதியை விவரிக்க வேண்டியதில்லை.

மீட்பு நாள், நகல் எடுத்த மறுநாளே வருவதில்லை; ஐந்து ஆண்டு கழித்தும் வரலாம். அதுவரை மென்பொருள் இருக்குமா என்பதும் தேர்வின் பகுதி. நார்ட்டன் கோஸ்ட்டின் விற்பனை 2013-இல் நின்றது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு முடிந்தது. விண்டோஸின் சொந்த சிஸ்டம் இமேஜ் வசதியை 2017-இல் கைவிடப்பட்டவற்றின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் சேர்த்து, பிற நிறுவனங்களின் மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னது; அதே வசதி இன்னும் கன்ட்ரோல் பேனலில் உட்கார்ந்து ஆட்களை அழைத்துக்கொண்டிருக்கிறது. அக்ரானிஸின் 2020 பதிப்பு கொண்டுவந்த புதிய கோப்பு வடிவத்தை அதன் முந்தைய பதிப்புகளால் திறக்க முடியாது. ஒரே நிறுவனத்தின் நிரல் மட்டுமே திறக்கக்கூடிய கோப்புக்குள் குடும்பத்தின் இருபது ஆண்டுப் புகைப்படங்களை வைப்பது, சாவியை அந்த நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் பூட்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வதுதான்.

விண்டோஸ் பேக்கப் இந்தத் தேர்வுக்கே வருவதில்லை. அதிலிருந்து மீட்க, முதலில் ஒரு விண்டோஸ் நல்லபடியாக நிறுவப்பட்டு அதன் தொடக்கத் திரை வர வேண்டும். கோப்புகளுக்கு அது நம்பியிருக்கும் ஒன்டிரைவ் தரும் இலவச இடம் 5 ஜிபி. சாதாரண மென்பொருள்கள் திரும்புவதில்லை. அவற்றின் பெயர்கள் வரும், மீண்டும் நிறுவிக்கொள்ள வேண்டும். கணினியில் அழித்த கோப்பு கிளவுடிலும் அழியும். தனிநபர் கணக்கின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் மட்டுமே கிடக்கும். முப்பத்தொன்றாம் நாளில் தேடுபவருக்கு அந்தச் சேவையிடம் பதில் இல்லை. இதைக் காப்பு ஏற்பாடு என்று பரிந்துரைப்பது பயனருக்குச் செய்யும் துரோகம்.

எனவே தேர்வின் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். மென்பொருளை நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை மீட்பு பென்டிரைவை உருவாக்கி, அதிலேயே கணினியை பூட் செய்து, உள் வட்டும் வெளி வட்டும் தெரிகின்றனவா என்று பார்ப்பது. தெரியவில்லையென்றால் அட்டவணையில் எத்தனை டிக் இருந்தாலும் அந்தக் கணினிக்கு அந்த மென்பொருள் உதவாது. அடுத்து, இமேஜிலிருந்து ஒரு கோப்புறையை வேறு இடத்தில் மீட்டுத் திறந்து பார்க்கலாம். உதிரி வட்டு இருப்பவர் முழு இமேஜையும் அதில் இறக்கி பூட் செய்து பார்த்துவிடலாம். மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைப்பதும், பெரிய விண்டோஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு பென்டிரைவைப் புதுப்பிப்பதும் இதோடு சேர்ந்தவை. புகைப்படங்களையும் ஆவணங்களையும் இமேஜுக்கு வெளியே, எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரணக் கோப்புகளாக இன்னொரு வட்டில் நகலெடுத்து, நகலெடுத்ததும் அந்த வட்டைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருக்கும் வட்டை ரான்சம்வேர் விட்டுவைப்பதில்லை. இவற்றில் தேறிய மென்பொருள்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால், வேகத்தையும் விலையையும் வைத்து அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பீட்டு அட்டவணைக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.