சாய்வும் விசையும்: வீட்டு மோஷன் சீட் அந்த விலைக்குத் தகுமா?

சென்னைப் பெருங்களத்தூர்க்காரர்களுக்கு விமானம் தூரத்துச் சங்கதி அல்ல. வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். பக்கத்திலேயே தாம்பரம் விமானப்படைத் தளம். விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் அங்கேதான் இயங்குகிறது. மின்சார ரயிலில் மூன்றாவது நிலையமான குரோம்பேட்டையில், அப்துல் கலாம் ஏரோநாட்டிகல் படித்த எம்.ஐ.டி. இப்படி ஓர் ஊரில் பிள்ளைகள் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரையும் எக்ஸ்-பிளேனையும் ஓட்டிப் பழகுவது இயல்பு. முதலில் ஜாய்ஸ்டிக், அடுத்து யோக், பிறகு கால் பெடல் என்று ஆசை வளரும். அதன் உச்சியில் நிற்பது மோஷன் சீட்: திரையில் விமானம் அசைவதற்கேற்ப ஆளோடு சேர்த்துச் சாய்ந்து கொடுக்கும் மோட்டார் இருக்கை.

முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மட்டும் சாயும் இரண்டு அச்சு மாடல் ஒன்றே வெளிநாட்டில் ஏறத்தாழ 3,000 டாலர். அது இங்கே வந்து சேரும்போது கப்பல் கூலி, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் ஏறி மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். அச்சுகள் கூடக் கூட விலையும் அதற்கேற்ப ஏறும். ஐ.டி. வேலை பார்க்கும் குடும்பத்துக்குக்கூட இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. பையனோ பெண்ணோ பைலட் ஆக ஆசைப்படும் வீட்டில் இதைப் படிப்புச் செலவாகக் கருதத் தோன்றும். எனவே இந்த இருக்கையை மூன்று வழிகளில் சோதிக்க வேண்டும். அது தரும் உணர்வு உண்மையானதா? அதனால் பறக்கும் திறமை வளருமா? அதே பணத்தில் அதைவிட நல்லது வேறு ஏதும் கிடைக்குமா?

உணர்விலிருந்து தொடங்குவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் செஸ்னா விமானத்தை 30 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல், ரட்டரைச் சரியாக மிதித்துத் திருப்புகிறார் என்று கொள்வோம். அவர் உடம்பு பக்கவாட்டில் சரியாது. பேனலில் பக்கச் சறுக்கலைக் காட்டும் சிறு குண்டு நடுவில் நிற்கும். மடியில் வைத்த தண்ணீர் பாட்டில்கூட உருளாது. புவியீர்ப்பும் திருப்பத்தின் விசையும் சேர்ந்து அவரை இருக்கைக்குள் நேராக அழுத்தும். அந்த அழுத்தம் 1.15 ஜி, அதாவது தன் எடை 69 கிலோ ஆகிவிட்டதுபோல் அவருக்குத் தோன்றும்.

இதே திருப்பத்தை வீட்டு மோஷன் சீட்டில் செய்து பார்ப்போம். திரையில் விமானம் வலப்பக்கம் சாய்கிறது. இருக்கையும் அதன் எல்லைக்குள் ஒரு 10 டிகிரி வலப்பக்கம் சாய்கிறது. இப்போது செயல்படுவது புவியீர்ப்பு மட்டுமே. 60 கிலோ உடம்பில் சுமார் 10 கிலோ அளவுக்கு விசை வலப்பக்கம் இழுக்கிறது. இருக்கைக்குள் நேராக அழுத்தும் பங்கு 59 கிலோவாகக் குறைகிறது. உண்மையான விமானத்தில் அழுத்தம் கூடியது, இங்கே குறைகிறது. அங்கே பக்க இழுப்பே இல்லை, இங்கே அதுதான் மேலோங்கி நிற்கிறது. ஆக, விமானத்தின் சாய்வை அப்படியே இருக்கைக்குக் கடத்தினால் கிடைப்பது பறத்தலின் உணர்வு அல்ல, அதற்கு நேர்மாறானது. உடம்பு உணர்வது கோணத்தை அல்ல, விசையை. மோஷன் சீட் பற்றிய பேச்சில் அடிக்கடி தவறிப்போகும் அடிப்படை இதுதான்.

நல்ல மென்பொருள் இதை ஓரளவு சரிசெய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்காதின் அரைவட்டக் குழல்கள் சுழற்சியின் தொடக்கத்தைத்தான் கூர்மையாக உணரும்; சீரான சுழற்சி சில விநாடிகள் நீடித்தால் அந்த உணர்வு மங்கிவிடும். விமானம் சாயத் தொடங்கும் கணத்தில் இருக்கையைச் சட்டென்று சிறிது அசைத்துவிட்டு, ஆள் அறியாதபடி மெல்ல நடுநிலைக்குக் கொண்டுவந்தால் மூளை அதை ஏற்றுக்கொள்ளும். விமான நிறுவனங்களின் பெரிய சிமுலேட்டர்கள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. வீட்டு இருக்கைகளிலும் இதை அமைக்க முடியும். ஆனால் அதற்கு மென்பொருளில் ஒவ்வொரு அளவையும் பொறுமையாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் தானாக வந்துவிடும் காரியம் அல்ல இது.

வேகமெடுக்கும் உணர்வுக்கும் ஒரு வழி உண்டு. ஏர்பஸ் ஏ320 ஓடுபாதையில் விரையும்போது முதுகில் சுமார் 0.2 ஜி அழுத்தம் விழுகிறது. இருக்கையை 12 டிகிரி அளவுக்குப் பின்னால் சாய்த்தால் புவியீர்ப்பே அந்த அழுத்தத்தைத் தந்துவிடும். திரையில் ஓடுபாதை நேராகத் தெரிவதால், தான் சாய்க்கப்பட்டதை மூளை அறியாமல் முன்னால் விரைவதாக நம்பும். இதில் ஒரு முக்கியமான செய்தி அடங்கியிருக்கிறது. இங்கே வேலைசெய்வது, இருட்டில் விமானிகளைக் கொல்லும் அதே மயக்கம்தான், திசை மாறி. 2000 ஆகஸ்ட் 23 அன்று பஹ்ரைனில் கல்ஃப் ஏர் 072 விமானம் இரவில் தரையிறங்காமல் மீண்டும் மேலேற முயன்றது. வேகம் கூடியபோது முதுகில் விழுந்த அழுத்தம், விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்கியிருப்பது போன்ற உணர்வை விமானிக்குத் தந்திருக்கக்கூடும். அவர் மூக்கைக் கீழே அழுத்தினார். விமானம் கடலில் விழுந்து 143 பேர் இறந்தார்கள்.

நம் நாட்டிலும் இதையொத்த துயரம் நடந்திருக்கிறது. 1978 ஜனவரி 1 அன்று இரவு பம்பாயிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா 855, பாந்த்ரா அருகே கடலில் விழுந்தது. 213 பேர் இறந்தார்கள். விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் கேப்டனின் கருவி தவறாகக் காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். வெளியே இருட்டுக் கடல், தொடுவானம் தெரியவில்லை. கருவி தவறு என்று அவர் உடம்பும் அவருக்குச் சொல்லவில்லை. மேகத்துக்குள்ளும் இருட்டிலும் பறக்கக் கற்கும் மாணவருக்கு முதலில் சொல்லித்தரப்படுவது, காதையும் இடுப்பையும் நம்பாதே, கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நம்பு என்பதே. வீட்டில் இருக்கையின் அசைவை வைத்தே விமானத்தின் நிலையை ஊகிக்கப் பழகிய மாணவர், பின்னாளில் கைவிட வேண்டிய ஒரு பழக்கத்தைப் பணம் கொடுத்து வளர்த்துக்கொள்கிறார்.

அடுத்து, திறமை. அசைவு பயிற்சிக்கு உதவுமா என்ற கேள்வி பழையது. 1929-இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க், தன் குடும்பத்தின் இசைக்கருவித் தொழிலில் பயன்பட்ட காற்றுத் துருத்திகளைக் கொண்டே உலகின் புகழ்பெற்ற முதல் பயிற்சிப் பெட்டியைச் செய்தார். அது அசைந்தது உண்மை. ஆனால் 1934-இல் அமெரிக்க ராணுவம் அதை வாங்கியதற்குக் காரணம் வேறு. மோசமான வானிலையில் தபால் விமானங்களை ஓட்டிய ராணுவ விமானிகள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டு மட்டும் பறக்க அவர்களைப் பழக்க வேண்டியிருந்தது. லிங்க் பெட்டியின் பெருமதிப்பு அதன் மூடிய கூண்டிலும் கருவிப் பலகையிலும் இருந்தது.

பிற்கால ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வோல்ப்பே மையத்தில் ஜூடித் பர்க்கி-கோஹன் குழுவினர் விமான நிறுவன விமானிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அசைவோடும் மற்றதற்கு அசைவில்லாமலும் என்ஜின் செயலிழப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியின் பலனில், நடைமுறையில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளியான ஆய்வு, அனுபவமே இல்லாதவர்களுக்கும், காற்று அலைக்கழிப்பதுபோல் வெளியிலிருந்து வரும் குலுக்கலைச் சமாளிக்கும் பயிற்சிக்கும் அசைவு உதவுவதாகக் காட்டியது. ஹெலிகாப்டர்போல் தானாக நிலைபெறாத ஊர்திக்கும் அசைவின் தேவை கூடுதல்.

ஆனால் இவை ஆய்வுக்கூடத் தரமான மேடைகளில் கிடைத்த முடிவுகள். விமானிகளுக்கான உயர்தரச் சிமுலேட்டர் ஆறு கால்களில் நின்று ஆறு வகையில் அசையும். கால்கள் ஒன்றரை மீட்டர் அளவுக்கு நீளும். திரைக்கும் அசைவுக்கும் இடையிலான தாமதத்தை மில்லி விநாடி கணக்கில் அளந்து சான்று தருவார்கள். அதன் விலை பல மில்லியன் டாலர். இரண்டு மோட்டார் இருக்கைக்கு அந்தப் பெருமையைக் கடன் கொடுக்க முடியாது. அதைவிட எளிய சான்று ஒன்று உண்டு: போர் விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டர்கள் பெரும்பாலும் அசையாதவை. நீடித்த ஜி விசையைக் கால்களில் நின்று அசையும் எந்த மேடையாலும் தர முடியாது என்பதால், அந்தப் பணத்தைச் சுற்றிலும் விரியும் காட்சிக்கும் காக்பிட்டின் துல்லியத்துக்கும் செலவிடுகிறார்கள்.

சட்டக் கணக்கும் முக்கியம். வணிக விமானி உரிமத்துக்கு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறத்தல். கருவிப் பயிற்சியில் ஒரு பகுதியைச் சிமுலேட்டரில் முடிக்க அனுமதி உண்டு. ஆனால் அது ஒப்புதல் பெற்ற சிமுலேட்டராக இருக்க வேண்டும். வீட்டு இருக்கையில் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தாலும் லாக்புக்கில் ஒரு நிமிடம்கூட ஏறாது.

மூன்றாவது, செலவு. மோஷன் சீட்டில் மிகவும் நம்பும்படியாக இருப்பவை சின்னச் சின்ன அதிர்வுகள்: ஓடுபாதையின் கரகரப்பு, சக்கரம் தரைதொடும் இடி, ஃபிளாப் இறங்கும்போது வரும் நடுக்கம், ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) வருவதற்கு முன் விமானம் தரும் உதறல். இவற்றுக்குப் பெரிய மோட்டார் வேண்டியதில்லை. நாற்காலியின் அடியில் பொருத்தும் பட்கிக்கர் போன்ற பேஸ் ஷேக்கரோ, இருக்கைமேல் விரிக்கும் அதிர்வு மெத்தையோ மோஷன் சீட்டின் பத்தில் ஒரு பங்கு விலையில் அந்த அனுபவத்தின் பெரும்பகுதியைத் தந்துவிடும். ஸ்டால் உதறலை உடம்பால் அறிவது பயிற்சிக்கும் பயன்படும், ஏனென்றால் அது உண்மையான விமானம் தரும் உண்மையான எச்சரிக்கை. இரண்டு அச்சு இருக்கைக்கோ மேலும் கீழும் அசைவே கிடையாது. தரைதொடும் இடியைக்கூட அது முன்பின் ஆட்டமாகத்தான் காட்டும்.

பெருங்களத்தூர் அபார்ட்மென்ட் வாழ்க்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் சாயும் இருக்கைக்கு நாலு பக்கமும் இடம் விட வேண்டும். இரண்டாவது மாடித் தளத்தில் இரவு பதினொரு மணிக்கு அது குதித்தால் கீழ்வீட்டு விளக்கும் ஆடும். கரண்ட் போய் வரும்போது ஆளோடு இருக்கை சட்டென்று அசையக்கூடும் என்பதால், கைக்கெட்டும் இடத்தில் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் கட்டாயம். 2015-இலும் 2023-இலும் வெள்ளம் பார்த்த முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள், தரையோடு ஒட்டிய மோட்டார்களில் லட்சக்கணக்கில் போடுவதற்கு முன் இன்னும் ஒரு தடவை யோசிக்க வேண்டும். விஆர் கண்ணாடி அணிபவருக்கு வேறொரு சிக்கல்: இருக்கை சாய்வதைத் தலை அசைவதாகக் கண்ணாடி எடுத்துக்கொள்ளும், அதை ஈடுசெய்யும் மென்பொருளைச் சரியாக அமைக்காவிட்டால் தலைசுற்றும், குமட்டும்.

இத்தனைக்குப் பிறகும் மோஷன் சீட்டுக்கு நியாயமான இடங்கள் உண்டு. கார் பந்தயத்தில் விசைகள் குறுகியவை, கூர்மையானவை. அங்கே இது நன்றாகப் பொருந்துகிறது. ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகுபவருக்கும் ஓரளவு உதவும். உரிமம், வேலை என்ற கணக்கே இல்லாமல், மற்ற எல்லாவற்றையும் நல்லதாக வாங்கி முடித்துவிட்டு அனுபவத்துக்காக மட்டும் செலவிட முடிந்தவர் தாராளமாக வாங்கலாம். அவரும் பக்கவாட்டில் சுழலும் அச்சுக்குப் பதிலாக மேலும் கீழும் அசையும் அச்சு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காற்றின் குலுக்கலும் தரைதொடும் அதிர்ச்சியும் அந்தத் திசையில்தான் வருகின்றன.

வாங்குவதைவிட ஒன்று மேல்: கட்டுவது. புதுப்பேட்டையில் பழைய வைப்பர் மோட்டார், ரிச்சி தெருவில் ஆர்டுயினோவும் மோட்டார் டிரைவரும், அக்கம்பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு சட்டம். வாங்கும் விலையில் ஒரு சிறு பங்குக்குள் பொறியியல் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து செய்துவிடலாம். முடுக்கத்தை இருக்கையின் அசைவாக மாற்றும் வடிகட்டிகளை அவர்களே எழுதும்போது, 30 டிகிரித் திருப்பத்தில் இருக்கை ஏன் சாயக் கூடாது என்பது அவர்களுக்குக் கணக்காகவே விளங்கிவிடும். அந்த அறிவு எந்த விலை கொடுத்தும் பெறத் தக்கது.

ஆக என் தீர்ப்பு இது. விமானி ஆகும் பயிற்சிக்கென்று மோஷன் சீட் வாங்குவது வீண். சில நேரம் கேடும்கூட. அனுபவத்துக்கு என்றால் அது பட்டியலில் கடைசிப் பொருள். பைலட் கனவு உள்ள பிள்ளையின் பெற்றோர் முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ்-2 பரிசோதனை செய்யட்டும். கண், நிறப்பார்வை, காது எல்லாம் சரியா என்பது சில ஆயிரம் ரூபாயில் தெரிந்துவிடும். பிறகு நல்ல யோக், ரட்டர் பெடல், நாற்காலியின் அடியில் ஒரு ஷேக்கர். மீதிப் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பிள்ளைக்குப் பதினாறு வயது நிறைந்ததும் மாணவ விமானி உரிமம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பறக்கும் பள்ளியில் பயிற்றுநருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். அங்கே ஒரு மணி நேரத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். ஆனால் அந்த நேரம் லாக்புக்கில் ஏறும். முதல் திருப்பத்திலேயே 69 கிலோ எப்படி இருக்கும் என்று உடம்புக்கும் தெரிந்துவிடும்.