பச்சை நிறத்தில் ஒரு பாலை

‘நூறு சதவீதம் ப்யூர்’ என்ற வாசகத்தை நியூசிலாந்தின் சுற்றுலாத் துறை 1999இல் உலகின் முன் வைத்தது. இரண்டே ஆண்டில், 2001இல், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் படம் வெளிவந்தது. வாசகமும் படமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. மனிதக் கை படாத ஆதி உலகம் ஒன்று பூமியின் தெற்கு ஓரத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். அந்தப் படத்தில் ஹாபிட்டுகள் வாழும் பச்சைக் குன்றுகள் இருக்கே, அது மாட்டமாட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆட்டுப் பண்ணை. ஆதி உலகம் என்று நாம் பார்த்து உருகியது ஒரு மேய்ச்சல் நிலத்தை.

இந்த விளம்பரத்தைப் பொய் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். நிறைய பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. படம் பொய் சொல்லவில்லை. குன்று பச்சையாகத்தான் இருக்கிறது. அந்தப் பச்சையை நாம் வாசிக்கும் விதத்தில்தான் கோளாறு.

அந்த நாட்டின் நற்பெயர் சும்மா வந்ததும் இல்லை. மானபௌரி ஏரியின் மட்டத்தை மின் திட்டத்துக்காக உயர்த்தக் கூடாது என்று 1970இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். அப்போது மக்கள்தொகையே முப்பது லட்சத்துக்குக் கீழே. சூழலியலை மையமாக வைத்து ஒரு தேசியக் கட்சி 1972இலேயே அங்கு தோன்றிவிட்டது. 1987இல் அணு ஆயுதமற்ற நாடு என்று சட்டம் போட்டார்கள். இன்றும் அவர்களின் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்துதான் வருகிறது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இப்போது புல்லுக்கு வருவோம். மனிதர் வந்து சேரும் முன் அத்தீவுகளில் ஏறத்தாழ எண்பது சதவீதம் காடு. முதலில் மாவோரிகள் ஒரு பகுதியை எரித்தார்கள். பிறகு வந்த ஐரோப்பியக் குடியேறிகள் மீதியில் பெரும்பகுதியை வெட்டியும் எரித்தும் சதுப்புகளை வடித்தும் நிலமாக்கினார்கள். சதுப்பு நிலங்களில் தொண்ணூறு சதவீதம் இன்று இல்லை. அந்த இடத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ரைகிராஸும் குளோவரும் விதைக்கப்பட்டன. 1882இல் ‘டனிடன்’ என்ற கப்பல் உறைய வைத்த இறைச்சியோடு லண்டன் போய்ச் சேர்ந்ததும் கணக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு ஏக்கர் புல்லும் ஏற்றுமதிச் சரக்கு ஆனது.

ஆனால் காட்டை எரித்த சாம்பலின் வளம் சில ஆண்டுகளுக்குத்தான். அந்த மண்ணுக்குப் பாஸ்பேட் வேண்டும். அது நவுரு தீவிலிருந்து வந்தது. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர்தான் அந்தத் தீவு. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து ஒரு ஆணையம் அமைத்துப் பல பத்தாண்டுகள் அதைத் தோண்டின. இன்று நவுருவின் நடுப்பகுதி, சுண்ணாம்புக் கூம்புகள் துருத்தி நிற்கும் பொட்டல். பக்கத்துத் தீவான பனாபாவின் கதை இன்னும் மோசம். அந்த மக்களில் பெரும்பாலோரை 1945இல் பிஜியின் ரபி தீவுக்கே குடிபெயர்த்துவிட்டார்கள். நியூசிலாந்துக் குன்றின் பச்சையில் ஒரு பங்கு இன்னொரு தீவின் மேல்மண். சுற்றுலாப் படத்தில் இது எங்கே தெரியப்போகிறது?

நம் திணைக் கோட்பாட்டில் மேய்ச்சல் நிலமான முல்லை, காடும் காடு சார்ந்த இடமும்தான். ஆயரும் ஆநிரையும் காட்டுக்குள்ளேயே இருந்தார்கள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். பாலை என்றதும் நமக்கு வெடித்த மண்ணும் காய்ந்த மரமும் நினைவுக்கு வரும். பச்சை நிறத்திலும் ஒரு பாலை இருக்க முடியும் என்பதை நம் கண் இன்னும் பழகவில்லை. ஒரே இனப் புல், ஒரே இனக் கால்நடை, மரமில்லாத சரிவு: இதுவும் திரிந்த நிலம்தான்.

இந்தப் புல்லின் மேல் 1990க்குப் பிறகு மாடு பெருகியது. அன்று சுமார் 34 லட்சமாக இருந்த கறவை இன மாடுகள் 2014இல் 67 லட்சத்தை எட்டின. அதுவரை ஆடு மேய்ந்த வறண்ட கேன்டர்பரி சமவெளியில்கூட ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் எடுத்துத் தெளித்துப் பால் பண்ணை வைத்தார்கள். மாடு தின்னும் நைட்ரஜனில் பெரும்பங்கு சிறுநீராக ஒரே இடத்தில் விழுகிறது. அந்தச் சிறு வட்டத்துப் புல்லால் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மிச்சம் நைட்ரேட்டாக மாறி மழையோடு நிலத்தடிக்கு இறங்கி, ஆற்றில் போய் எட்டிப்பார்க்கிறது. ஆலைக் கழிவு என்றால் குழாயைக் காட்டலாம், நாற்றத்தைக் காட்டலாம். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைப் படம் பிடிக்கவே முடியாது. நாட்டின் சொந்த நன்னீர் மீன் இனங்களில் நான்கில் மூன்று பங்கு அழிவை நோக்கியோ அதன் விளிம்பிலோ இருப்பதும் அப்படித்தான், கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

2016 ஆகஸ்டில் ஹேவ்லாக் நார்த் என்ற சிற்றூரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் குழாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றுநோயில் விழுந்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். கனமழையில் மேய்ச்சல் நிலத்து ஆட்டுப் புழுக்கையிலிருந்த கிருமி கிணற்றில் கலந்திருந்தது. நிலத்தடி நீர் தூய்மையானது என்ற நம்பிக்கையில் அந்தத் தண்ணீரில் குளோரின் சேர்க்கும் வழக்கமே இல்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் செய்த பிம்பத்தை உள்ளூரும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்தச் சங்கிலியின் ஒரு முனை நம் தேநீர்க் கோப்பைக்கும் வருகிறது. இலங்கையில் பால்மா என்றால் பல வீடுகளில் நியூசிலாந்துப் பால்மாதான். மாட்டுச் சிறுநீர் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்த அங்கு சில பண்ணைகளில் டிசிடி என்ற வேதிப்பொருளைப் புல்லில் தெளித்தார்கள். ஆற்றைக் காப்பாற்றச் செய்த வைத்தியம் அது. அதன் சுவடு பாலில் இருப்பதாக 2013 ஜனவரியில் செய்தி வெளியானது. உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்றது அந்நாட்டு அரசு. ஆகஸ்டில் இலங்கை அதிகாரிகள் தங்கள் சந்தைப் பால்மாவில் டிசிடி இருப்பதாகச் சொல்லிச் சில தொகுதிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார்கள். நிறுவனம் அந்தச் சோதனை முடிவை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது இங்கே முக்கியமில்லை. டிசிடி ஜனவரிக்குள்ளேயே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. பெயர் கெடும் என்றதும் மருந்துதான் போயிற்று. மாட்டின் எண்ணிக்கை அப்படியே இருந்தது.

நற்பெயர் எப்படி வேலை செய்கிறது என்பது இங்கேதான் புரிகிறது. ‘சுத்தம், பசுமை’ என்ற பிம்பத்துக்கு என்ன விலை என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகமே 2001இல் ஓர் ஆய்வு செய்தது. சூழல் கெட்டதாகத் தெரிந்தால் வெளிநாட்டார் எவ்வளவு குறைவாக வாங்குவார்கள் என்று கேட்டு, இழப்பைக் கணக்கிட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அப்படி விலை போட்ட பிறகு, கேடு என்பது ஆறு கெடுவதிலிருந்து நகர்ந்து, ஆறு கெட்டதை யாரோ வெளியே சொல்வதில் போய் நிற்கிறது. 2011இல் பிபிசி நேர்காணலில், மைக் ஜாய் என்ற நன்னீர்ச் சூழலியலாளரின் கருத்துகளை அன்றைய பிரதமர் ஜான் கீயிடம் கேட்டார்கள். விஞ்ஞானிகளும் வக்கீல்களைப் போலத்தான், எதிர்க்கருத்து சொல்ல இன்னொருவரைக் கொண்டுவர என்னால் முடியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். ஜாய் நாட்டின் வருமானத்தில் கை வைப்பவராகச் சாடப்பட்டார். அடுத்த ஆண்டு அதே பிரதமர், ‘நூறு சதவீதம் ப்யூர்’ என்பதை மெக்டொனால்ட்ஸின் விளம்பர வாசகத்தோடு ஒப்பிட்டு, அப்படியே நம்பிவிடக் கூடாது என்றார். யோசிச்சுப் பாருங்க. விற்கும்போது சத்தியம், கேள்வி கேட்டால் வெறும் விளம்பரம்.

நாட்டின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ பாதி வேளாண்மையிலிருந்து வருகிறது. 2003இலும் 2022இலும் மாட்டின் மீத்தேனுக்கு விலை வைக்க முயன்றார்கள். விவசாயிகள் டிராக்டரோடு தெருவுக்கு வந்தார்கள். 2024இல் உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் வேளாண்மை வராது என்று சட்டமே ஆயிற்று. கடன் வாங்கிப் பண்ணை நடத்தும் விவசாயியை மட்டும் இதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலிவாகப் பால் கேட்கும் நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

நம்பிக்கைக்கு ஒரு இடம் உண்டு. வாங்கனுயி ஆற்றை 2017இல் அங்கு சட்டப்படி ஒரு நபராக ஏற்றார்கள். மாவோரிகளின் நூறாண்டுக்கும் மேலான போராட்டம் அது. சில நாட்களிலேயே உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அதை முன்மாதிரியாகக் காட்டிக் கங்கையையும் யமுனையையும் நபர்கள் என்றது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. வாங்கனுயிக்கும் சிக்கல் தீரவில்லை. அதன் தலைநீரின் ஒரு பகுதி புனல்மின் திட்டத்துக்காகத் திருப்பப்படுகிறது. பெருமைப்படும் அந்தப் பசுமை மின்சாரத்தில் ஒரு பங்கு இந்த ‘நபரிடமிருந்து’ எடுத்த தண்ணீர். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நற்பெயர் என்பது பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்யப்படுவது. சட்டப்படி நபராகிவிட்ட ஆற்றின் சார்பில், அது அழகாகத் தெரிகிறதா என்பதைத் தாண்டி, அது நலமாக இருக்கிறதா என்று கேட்க ஆள் இருக்கிறது.

அந்தக் கேள்வியை வெகு முன்பே கேட்டவர் ஒரு பண்ணைக்காரர்தான். ஹெர்பர்ட் கத்ரி-ஸ்மித் 1882இல் டூடிரா ஏரிக்கரையில் ஆட்டுப் பண்ணை எடுத்து, பெரணியையும் புதரையும் அழித்துப் புல் வளர்த்தவர். அந்த ஒரு பண்ணையின் மண், செடி, பறவை, மழை எல்லாவற்றையும் 1921இல் ‘டூடிரா’ என்ற பெரிய நூலாக எழுதினார். சாவதற்கு முன், 1940இல், மறுபதிப்புக்காக எழுதிய முன்னுரையில், தான் வாழ்நாளெல்லாம் மேம்பாடு என்று நினைத்துச் செய்தது மண்ணுக்குச் செய்த கேடுதானோ என்று தன்னையே கேட்டுக்கொண்டார். விமானத்திலிருந்து பாஸ்பேட் தூவும் வழக்கமே அவர் காலத்துக்குப் பிறகுதான் வந்தது. சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து பாஸ்பேட்டும் மண்ணும் இறங்கி, டூடிரா ஏரியில் இன்று அடிக்கடி பாசி பூக்கிறது. மீன்கள் செத்து மிதந்த ஆண்டுகளும் உண்டு. அந்தப் பாசியும் நல்ல பச்சைதான்.